வாசல்ல நின்ன கமெண்ட்

இந்தக் கதையில குருவுக்கு நாப்பத்தோரு வயசு, சீடருக்கு அம்பத்தாறு. அதனால குரு சீடரை அண்ணேன்னு கூப்பிடுவாங்க. சீடர் குருவை டீச்சர்னு கூப்பிடுவாரு. கால்ல விழற வழக்கம் ரெண்டு பேருக்கும் கிடையாது.

குரு பேரு ஜெசிந்தா. ஒட்டன்சத்திரத்துல ஒரு உரக்கடை மாடியில கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருந்தாங்க. தமிழ் டைப்பிங் சொல்லிக் குடுப்பாங்க. சீடர் பேரு நாச்சிமுத்து. பைபாஸ் பக்கத்துல எடைமேடையில வேலை. லாரி மேடையில ஏறி நிக்கும், கம்ப்யூட்டர் எடை காட்டும், இவரு சீட்டு அடிச்சுக் குடுப்பாரு. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவுல கம்ப்யூட்டர் சும்மா இருக்கறதைப் பாத்துத்தான் டைப்பிங் கத்துக்கற எண்ணமே அவருக்கு வந்துச்சு.

மூணு மாசத்துல கத்துக்கிட்டாரு. இன்டர்நெட்டுல எழுதிப் போட டீச்சர் அவருக்கு ஒரு பிளாக் ஆரம்பிச்சுக் குடுத்தாங்க. அதுக்கு 'எடைமேடை'ன்னே பேரு வெச்சாரு.

"என்ன எழுதறது டீச்சர்?"

"இன்னைக்கு என்ன பாத்தீங்க?"

"லாரி பாத்தேன்."

"லாரியை எழுதுங்க."

எழுதினாரு. நாலு வருஷத்துல முந்நூத்திப் பதினோரு பதிவு. மேடை மேல ஒரு நாய் வந்து நின்னப்போ மெஷின் சைபர் காட்டினதை எழுதினாரு. கேரளாவுக்கு முருங்கைக்காய் ஏத்திட்டுப் போற டிரைவர் தங்கமாயன், எடை போடறதுக்கு முன்னாடி மூஞ்சி கழுவி தலை சீவறதை எழுதினாரு. 'தலை சீவினா எடை குறையுமாடான்னு கேட்டேன். இல்லண்ணே, உங்க மேடையில இருக்கற கேமரா படம் பிடிக்குதுல்லன்னு சொன்னான்.'

ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு டீச்சர் சென்டரைத் திறப்பாங்க. அந்த நேரத்துக்கு நாச்சிமுத்து ஒரு கேள்வியோட படியேறுவாரு.

"டீச்சர், முந்தாநேத்து பதினாலு பேரு பாத்திருக்காங்க. நேத்து மூணு பேரு. மிச்சம் பதினோரு பேரு எங்க போனாங்க?"

"வேலைக்கு."

இன்னொரு ஞாயிறு.

"டீச்சர், இந்த வாரம் ஒன்பது பேரு."

"அதுல நீங்க எத்தனை தடவை பாத்தீங்க?"

நாச்சிமுத்து விரல் விட்டு எண்ணினாரு. "ஆறு."

"ஏன் அத்தனை தடவை?"

"நல்லாருந்துச்சு டீச்சர்."



ஒரு தடவை பிளாக் தலைப்பை சிவப்பு எழுத்துல ஓட விட்டிருந்தாரு. பாக்கறவங்களுக்குப் பிடிக்குமான்னு கேட்டாரு. பிரேக் பிடிக்காத லாரி மாதிரி இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க. அன்னைக்கே நிறுத்திட்டாரு.

ஆனா ஒரு குறை மட்டும் தீரவே இல்லை.

"வர்றாங்க, படிக்கறாங்க. ஒருத்தர் கூட ஒரு வார்த்தை சொல்றதில்லை டீச்சர். கமெண்டுன்னு ஒரு கட்டம் இருக்கு. நாலு வருஷமா காலியாவே கெடக்கு. டீக்கடையில ஒருத்தன் பேசினா பக்கத்துல இருக்கறவன் 'ம்'னாவது சொல்றான்."

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"பதில் சொல்லுவேன்."

"எல்லாருக்குமா?"

"திட்டினாக் கூட சொல்லுவேன்."

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஞாயிறு கொஞ்சம் சூடா வந்தாரு.

"தங்கமாயன் மாறிட்டான் டீச்சர். இப்பல்லாம் நம்ம மேடைக்கு வர்றதில்லை. தாராபுரம் ரோட்டுல இருக்கற மேடைக்குப் போறான். எதிர்ல பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறான். என்னைக்காவது அவனுக்கு ஒரு கெட்டது நெனச்சிருப்பனா?"

"ஏன்னு அவருகிட்ட கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? பிளாக்ல எழுதிட்டேன்."

"பேரு போட்டா?"

"பேரு போடலை. தலை சீவற டிரைவர்னு போட்டேன்."

டீச்சர் ஜன்னலைத் திறந்து விட்டாங்க. உர வாசம் உள்ள வந்துச்சு. "ஊருல எத்தனை டிரைவர் தலை சீவறாங்க அண்ணே?"

நாச்சிமுத்து படியிறங்கிப் போனாரு. பதிவை எடுக்கலை.

அப்புறம் போன சித்திரையில மருமகன் புது வீடு கட்டிக் குடி போனாரு. பந்தியில நாச்சிமுத்து உக்காந்திருக்காரு. யாரோ, மாமா இப்ப கம்ப்யூட்டர்ல எழுதறாராமேன்னு கேட்டாங்க. மருமகன் சாம்பார் வாளியோட நின்னு பதில் சொன்னாரு.

"ஆமா. மாமாவே எழுதறாரு, மாமாவே படிக்கறாரு. ஹோட்டலைத் திறந்து வெச்சு மூணு வேளையும் தானே சாப்பிடற மாதிரி."

பந்தியே சிரிச்சுது. நாச்சிமுத்துவும் சிரிச்சாரு. இலையை சீக்கிரமா மடிச்சாரு.

அடுத்த ஞாயிறு, டீச்சர் பூட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே மாடியில நின்னாரு.

"அழிச்சுக் குடுங்க டீச்சர்."

"எதை?"

"பிளாக்கை. முந்நூத்திப் பதினொண்ணும். ஒண்ணு கூட இருக்க வேண்டாம்."

டீச்சர் கம்ப்யூட்டரைப் போட்டாங்க. நாற்காலியை அவரு பக்கம் தள்ளினாங்க.

"நீங்களே அழிங்க."

"எனக்கு வழி தெரியாதே."

"வீட்டைக் காலி பண்றவங்க எல்லா ரூமையும் ஒரு தடவை திறந்து பாப்பாங்கல்ல, அது மாதிரி பாருங்க. வழி கிடைக்கும்."

நாச்சிமுத்து உக்காந்தாரு. நாலு வருஷமா அவரு தினமும் புழங்கினது ரெண்டே இடம்தான். ஒண்ணு எழுதற இடம், இன்னொண்ணு எத்தனை பேரு பாத்தாங்கன்னு காட்டற இடம். இன்னைக்குத்தான் மத்ததை எல்லாம் ஒவ்வொண்ணா அமுக்கினாரு. மூணாவதா அமுக்கினதுல கை நின்னுடுச்சு.

"டீச்சர், இது என்ன? 'உங்கள் அனுமதிக்காகக் காத்திருப்பவை: 214'ன்னு போட்டிருக்கு."

டீச்சர் எட்டிப் பாத்தாங்க. "கமெண்டு."

"யாருக்கு வந்தது?"

"உங்களுக்கு."

"ஏன் இங்க நிக்குது?"

"நீங்க உள்ள விடலை. அதான் வாசல்ல நிக்குது."

அப்பத்தான் அவருக்கு ஞாபகம் வந்துச்சு. ஆரம்பிச்ச முதல் வாரம், யாரு வேணா வந்து கெட்ட வார்த்தை எழுதிட்டுப் போவாங்கன்னு எடைமேடையில யாரோ பயமுறுத்தியிருக்காங்க. அன்னைக்கே தேடிப் பிடிச்சு, 'நான் பார்த்த பிறகே வெளியிடவும்'ங்கற கட்டத்துல ஒரு டிக் போட்டாரு. போட்டதோட மறந்துட்டாரு. பாக்கச் சொல்லி மெயில் வந்துக்கிட்டே இருந்திருக்கு. தனக்கு ஒரு மெயில் இருக்கறதே அவருக்கு மறந்து போச்சு.

மேல இருந்து படிச்சாரு. முக்காவாசி குப்பை. கடன் வேணுமா, முடி வளரணுமா, வசியம் செய்யணுமா. நாய் சைபர் காட்டின பதிவுக்கு ஒருத்தன் செருப்பு விளம்பரம் போட்டிருந்தான். எல்லாத்தையும் தள்ளினதுக்கு அப்புறம் மனுசங்க போட்ட இருவத்தாறு கமெண்டு மிஞ்சுச்சு.

"டீச்சர்! ஒருத்தன் திட்டியிருக்கான். 'வேலைவெட்டி இல்லாதவன் எழுதறதை வேலைவெட்டி இல்லாதவன் படிக்கிறேன்'னு போட்டிருக்கான். படிச்சிருக்கான் டீச்சர்!"

"சந்தோஷமா?"

"பின்ன?"

அப்படியே கீழ போனாரு. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா நின்னுச்சு.

தங்கமாயன் பேருல நாலு இருந்துச்சு.

'அண்ணே நான் தங்கமாயன். தலை சீவறதைப் பத்தி போட்டதை என் மக படிச்சுக் காட்டுச்சு. வீட்டுல எல்லாரும் சிரிச்சோம். இது நானே ஒத்த விரலுல அடிக்கறேன்.'

'அண்ணே போன வாரம் எழுதினது வரலை. நான் ஏதும் தப்பா அடிச்சுட்டனா.'

'அண்ணே மக தினமும் பாக்குது. ஏம்ப்பா உன் பேரு வரலைன்னு கேக்குது. பெரிய ஆளுங்க பேருதான் போடுவாங்கன்னு சொல்லிட்டேன்.'

நாலாவது, அவன் மாறிட்டான்னு எழுதின பதிவுக்கு அடியில.

'அண்ணே, படிச்சேன்.'

நாச்சிமுத்து மவுஸ்ல இருந்து கையை எடுத்துட்டாரு. கீழ உரக்கடையில மூட்டை போடற சத்தம் கேட்டுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு பதில் கட்டத்துல கையை வெச்சாரு. 'அன்புள்ள தங்கமாயனுக்கு'ன்னு அடிச்சாரு. அழிச்சாரு. 'தம்பி'ன்னு அடிச்சாரு. அழிச்சாரு. 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக'ன்னு அடிச்சாரு. டீச்சர் இருமினாங்க. அதையும் அழிச்சாரு.

"இதுக்கு என்னன்னு டீச்சர் பதில் எழுதறது?"

டீச்சர் எந்திரிச்சுப் போய் சுவத்துல ஒரு சுவிட்சை அமுக்கினாங்க. கம்ப்யூட்டர் அணைஞ்சுது.

"கரண்ட் போயிடுச்சு அண்ணே."

நாச்சிமுத்து மேல பாத்தாரு. "ஃபேன் ஓடுதே டீச்சர்."

"ஃபேனுக்கு இருக்கு. இதுக்குத்தான் போயிடுச்சு."

"எப்ப வரும்?"

"தாராபுரம் ரோடு மேடைக்கு இங்கருந்து எவ்வளவு தூரம்?"

நாச்சிமுத்து மொபெட் சாவியை எடுத்துக்கிட்டுப் படியிறங்கினாரு.

ரெண்டு மணிக்கெல்லாம் அங்க போயிட்டாரு. அந்த மேடைக்காரர் அவரை ஏற இறங்கப் பாத்தாரு. "என்ன நாச்சி, எங்க மேடையை வேவு பாக்க வந்தியா?"

"ஒரு ஆளைப் பாக்கணும்."

"உன் மேடையில ஆளே வர்றதில்லையா?"

நாச்சிமுத்து வேப்பமர நிழல்ல நின்னாரு. நாலே காலுக்குத் தங்கமாயன் லாரி வந்து மேடையில ஏறுச்சு. தங்கமாயன் இறங்கினான். தலை கலைஞ்சு கெடந்துச்சு.

"என்னண்ணே இங்க?"

"உன் கமெண்டுக்குப் பதில் சொல்ல வந்தேன்."

"எதுக்கு?"

"நாலுக்கும்."

தங்கமாயன் துண்டை உதறித் தோள்ல போட்டான். "ரெண்டு வருஷமா யோசிச்சீங்களாக்கும்."

"நான் பாக்கவே இல்லைடா. இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். ஆரம்பத்துல ஒரு டிக் போட்டேன். அது வந்ததை எல்லாம் உள்ள விடாம நிறுத்தி வெச்சிடுச்சு."

"பத்து கிலோ கூடத் தெரிஞ்சா லாரியை இறக்கி மறுபடி ஏத்தச் சொல்ற ஆளு நீங்க."

"ஆமா."

"அந்த ஆளுக்கு இது தெரியலை."

"தெரியலை."

"என்னைப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்லண்ணே. தினமும் எதிர்லதான வந்தேன்."

"நீயும்தான் என்னைக் கேட்டிருக்கலாம்."

"நான் கேட்டேனே," தங்கமாயன் சொன்னான். "ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன்."

நாச்சிமுத்து தரையைப் பாத்தாரு. சீட்டு அடிக்கற மெஷின் கரகரன்னு ஓடி நின்னுச்சு.

தங்கமாயன் போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு நீட்டினான். "பெரிய ஆளுங்க பேருதான் போடுவாங்கன்னு எம் புள்ளகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அதை நீங்களே மாத்திச் சொல்லுங்க."

நாச்சிமுத்து போனைக் காதுல வெச்சாரு. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "நீங்கதான் எடைமேடையா?"

"ஆமா சாமி."

"அந்த நாய் அப்புறம் என்ன ஆச்சு? நீங்க எழுதவே இல்லையே. அப்பா சாப்பிடறப்போ நான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுவேன். இப்பவும் படிக்கறேன்."

"இப்பவுமா?"

"ம். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா கேப்பாரு."

நாச்சிமுத்து அப்பா பேரு ஏன் வரலைங்கறதையும் டிக்கைப் பத்தியும் அந்தப் பொண்ணுகிட்ட முழுசா சொன்னாரு. தங்கமாயன் டயரைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டே நின்னான். ஆறு டயரையும் ரெண்டு தடவை பாத்தான். போனை வாங்கிக்கிட்டான்.

"லோடு காயுதுண்ணே," அப்படின்னு ஏறிட்டான்.

அடுத்த ஞாயிறு நாச்சிமுத்து படியேறினாரு.

"வந்தாரா?" டீச்சர் கேட்டாங்க.

"மேடைக்கு வரலை. தாண்டிப் போறப்போ ஹாரன் அடிச்சான்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"அது வரைக்கும் சரி."

"அந்த இருவத்தாறுல இருவத்தஞ்சை உள்ள விட்டுட்டேன் டீச்சர். ஒவ்வொண்ணுக்கும் பதில் போட்டேன். திட்டினவனுக்கும் போட்டேன். வேலை இருக்கு, மேடைக்கு வந்து பாருன்னு போட்டேன்."

"அழிக்கணும்னு சொன்னீங்க."

"அதெல்லாம் இல்லை." நாச்சிமுத்து நாற்காலி நுனியில உக்காந்தாரு. "ஒரே ஒரு பதிவை மட்டும் அழிச்சிடலாம்னு பாக்கறேன். அவன் மாறிட்டான்னு எழுதினதை. என்ன ஏதுன்னு தெரியாம எழுதினது. படிச்சா எனக்கே கூச்சமா இருக்கு. அது இருக்க வேண்டாமே டீச்சர்?"

"உங்க பதிவு. தாராளமா அழிங்க."

"அழிச்சுடறேன்."

"அழிங்க. அதுக்கு அடியில 'அண்ணே, படிச்சேன்'னு ஒருத்தர் இன்னும் வாசல்ல நிக்கறாரே, அவரை எங்க உக்கார வைப்பீங்க?"