நடுமலையில் அடிக்காத முரசு

கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போக முடியாத கதை இது. முடிவில் நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அணைக்கும் ஆற்றூருக்கும் இடையே மூன்று மலைகள், மலைக்கொரு முரசு. ஆற்றில் எத்தனை சாண் தண்ணீர் ஏறுமோ, முதல் மலையில் இருக்கும் அணைக்காவலன் அத்தனை அடி அடிப்பான். அடுத்த இருவரும் கேட்டதை அப்படியே அடிக்க வேண்டும். கடைசி மலைச் சத்தம் ஊருக்குக் கேட்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

நடுமலைக் கூத்தனுக்கு அந்த வேலை போதவில்லை. கெட்டிக்காரன் ஆயிற்றே, புத்தி சும்மா இருக்குமா? போன மாதம் இரண்டடி கேட்டதற்கே ஆற்றூர் மூட்டை முடிச்சோடு ஓடியது. நெரிசலில் ஒரு கிழவர் இடுப்பை ஒடித்துக்கொண்டார். வந்த தண்ணீரோ ஊர்க்கரையில் பாதிகூட ஏறவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம், மறுபடி இரண்டடி கேட்டது. ஊரில் தலைவர் வீட்டுக் கல்யாணம். பந்தலில் கால் வைக்க இடமில்லை. கூத்தன் கோலை எடுத்தான், வைத்தான். விளிம்புவரை போய் ஊர்க்கரையைப் பார்த்தான். ஆள் உயரக் கரை. ‘எதற்கு வீண் பீதி?’ என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாலும் கை குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தான், மறுபடி கோலைத் தொட்டான். கடைசிவரை அடிக்கவில்லை.

ஊர் நனையவில்லை. ஆனால் ஆற்றின் வளைவுக்கு அப்பால், அவன் கண்ணுக்கு எட்டாத மணல்திட்டில், வெள்ளரி போட்டிருந்த நங்கையின் குடிசை இருந்தது. கால் முறிந்து அங்கே படுத்திருந்த அவள் புருஷனை வெள்ளம் இழுத்துப் போய்விட்டது. அவள் அப்போது கல்யாண வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வழக்கு அரசனிடம் வந்தது.

“ஊர் சனம் மிதிபடாம காப்பாத்தினவன் மகாராஜா இவன்” என்றார் ஊர்த்தலைவர்.

“கணக்குத் தப்பலையே மகாராஜா! ஊருக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் சும்மா இருந்தேன்” என்றான் கூத்தன்.

“அந்தச் சத்தம் கேட்டிருந்தா ஓடிப்போய்த் தூக்கிட்டு வந்திருப்பேனே, சாமி!” என்றாள் நங்கை.

அடித்தால் நெரிசல், அடிக்காவிட்டால் சாவு. இப்போது சொல்லுங்கள்: கூத்தன் செய்தது சரியா? சரியில்லை என்றால், அந்த நெரிசலுக்கு என்ன வழி?

விடை: சரியில்லை. அவன் கணக்கு ஊருக்குப் பொருந்தியது. ஆனால் கரையோரம் யார் எந்த நிலையில் கிடக்கிறார்கள் என்பது நடுமலையில் நிற்பவனுக்கு ஒருநாளும் தெரியாது. முரசு செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தால் போதும். ஓடுவதா, உட்காருவதா என்பதைக் கேட்பவர் பார்த்துக்கொள்வார். நெரிசலைத் தடுக்க வேண்டிய இடமும் ஊர்தான், மலையல்ல. ஆகவே அரசன் கூத்தனைக் கீழே இறக்கி, எத்தனை அடிக்கு யார் கிளம்ப வேண்டும் என்று தெருத்தெருவாகச் சொல்லும் வேலையைக் கொடுத்தான். நடுமலைக்கு ஆள் தேடியபோது நங்கை முன்னே வந்தாள். “எனக்குக் கணக்கெல்லாம் வராது மகாராஜா. கேட்டதை அடிப்பேன்” என்றாள்.