வார் இல்லாத சேணம்

முன்னொரு காலத்தில், கடலோரச் செங்கானூரை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பிடித்தது அவனுக்கு மாலையில் பிடிக்காது. மாறாத பிரியம் ஒன்றே ஒன்றின் மேல்தான். அவன் தாத்தா வெள்ளைக் குதிரையில் கம்பீரமாய் உட்கார்ந்திருக்கும் ஆளுயர எண்ணெய்ச் சித்திரம் அது. கப்பலில் வந்த சீமை ஓவியர் ஒருவர் எழுதிக் கொடுத்தது.

கட்டிக்கொடுத்த மகள், தன் அரண்மனைக்கும் அதேபோல் ஒன்று வேண்டுமென்று கேட்டனுப்பினாள். ஆஸ்தான ஓவியர் தாண்டவராயருக்கோ எண்ணெய் வண்ணம் பழக்கமில்லை. அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், அந்த வித்தை இந்த மண்ணில் யாருக்கும் கைவராது என்று சாதித்தார். கோயில் சுவர்களில் சித்திரம் எழுதுகிற உலகம்மாள், படத்தைப் பார்த்தே கற்றுக்கொள்வதாக முன்வந்தாள். ராயர் ராஜாவின் காதில் ஏதோ ஓதினார். நிபந்தனை விழுந்தது: நகல் மயிரிழை மாறினாலும் அவள் ஆயுசுக்கும் தூரிகை தொடக்கூடாது.

சுவரில் எழுதும்போது சுண்ணாம்பின் ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ நாலு நாளாகியும் விரலில் ஒட்டியது. முதல் குதிரை சேற்றில் புரண்ட எருமையாகிப் போனது. சுரண்டிவிட்டு மறுபடி எழுதினாள். காத்திருக்கப் பழகினாள். ஒருநாள் மூலப்படத்தை மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தபோது திகைத்துப்போனாள். வெள்ளைக் குதிரையில் வெள்ளை நிறமே அரிதாக இருந்தது. கழுத்தில் நீலம், தொடையில் சாம்பல், வயிற்றில் மஞ்சள். பத்தடி தள்ளி நின்றால் எல்லாம் சேர்ந்து பால்போல் வெளுத்தது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

குதிரையின் வயிற்றை எழுதுகையில் கை நின்றுவிட்டது. சேணத்தை வயிற்றோடு இறுக்கிக் கட்டும் வாரை சீமைக்காரர் எழுத மறந்திருந்தார். நிபந்தனை நினைவிருந்தது. ஆனாலும் ராஜாவின் தாத்தாவை நழுவுகிற சேணத்தில் உட்காரவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வாரை எழுதிவிட்டாள்.

சபையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ராஜா இரண்டையும் மாறி மாறிப் பார்த்து மகிழ்ந்தான். ராயர் மட்டும் விரல் நீட்டினார்.

"மகாராஜா, மூலத்தில் இல்லாத வார் ஒன்று இங்கே இருக்கிறது. நிபந்தனை மீறப்பட்டது."

ராஜாவின் முகம் சுருங்கியது. உலகம்மாள் கைகூப்பினாள்.

"மாற்றினது உண்மைதான், மகாராஜா. மூலத்தில் குற்றமில்லை என்று ராயர் ஐயா நினைத்தால், அதில் உள்ளபடியே சேணம் போட்ட குதிரையில் ஒரு நடை போய்வரட்டும். நான் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறேன்."

சபை முன்னால் பின்வாங்க ராயரின் கௌரவம் விடவில்லை. முற்றத்து மணலில் குதிரை வந்தது. ஏறினார். முதல் அடி, இரண்டாம் அடி. மூன்றாவதில் சேணம் வழுக்கிக் குதிரையின் வயிற்றுக்கடியில் போக, ராயர் அதற்கும் கீழே போனார்.

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான். ராயரின் தோளிலிருந்த ஆஸ்தானப் பொன்னாடையை, மணலைத் தட்டிவிட்டு, தன் கையாலேயே அவளுக்குப் போர்த்தினான். பிறகு, மூலத்திலும் அந்த வாரை எழுதிவிடச் சொன்னான்.

உலகம்மாள் மறுத்தாள்.

"அந்தச் சீமைக்காரர் முகத்தை நான் பார்த்ததில்லை, மகாராஜா. ஆனால் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். குருவின் பிழையை என் படத்தில் திருத்தலாம், அவர் படத்தில் கைவைக்க மாட்டேன்."

மூலப்படம் இருந்தபடியே இருக்கட்டும் என்ற ராஜா, அந்தச் சொல்லை மாலையிலும் மாற்றவில்லை.