ரீபட்டன் லேப்டாப்

நாமக்கல்லில் தேய்ந்த லாரி டயருக்குப் புதுப் பட்டன், அதாவது மேல் ரப்பர், ஒட்டி விற்பவர் அத்தியப்பன். அந்தத் தொழிலுக்கு அங்கே ரீபட்டன் என்று பெயர். பில் போடும் தமயந்திக்கு அவர் ஒரு கட்டளை போட்டார். வேலை நிலைக்க வேண்டுமானால் அவள் சொந்தக் காசில் லேப்டாப் கொண்டுவர வேண்டும். அதுவும் புத்தம் புதிதாக. கருவியையும் தொழிலாளியே சுமக்கட்டும் என்பதுதானே முதலாளி தர்மம்!

அவளால் வாங்க முடிந்தது பழுதுபார்த்து விற்ற பழைய லேப்டாப். அதை மேசையில் வைத்தாள். மூலையில் இருந்த கீறல் முதலாளியின் கண்ணில் பட்டுவிட்டது.

"பழசா? என்ன பூச்சு பூசினாலும் பழசு பழசுதான். நடுவழியில கவுத்துரும். எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ!"

டயர் வாங்க வந்திருந்த லாரிக்காரர் பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தார்.

தமயந்தி லேப்டாப்பை எடுக்கவில்லை. இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"பழசுதானுங்க முதலாளி. ஆனா கீபோர்டுல பட்டன் எல்லாம் புதுசா மாத்தியிருக்கு. நம்ம டயர் மாதிரியே இதுவும் ரீபட்டனுங்க."

பொன்னுரங்கம் டயரிலிருந்து கையை எடுத்தார். "ஏனுங்க, அப்ப ரீபட்டன் நடுவழியில கவுத்துருமுங்களா?"

"ஐயோ, கவுக்காதுங்க!" முதலாளி பதறினார். " ரீபட்டன்னா புதுசேதானுங்க!"

"லேப்டாப்புமுங்களா?"

முதலாளி லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார். "அதுவும்தானுங்க. ஏம்மா, பில்லைப் போடு!"

அவள் பவர் பட்டனை அழுத்தினாள். திரை கறுப்பாகவே கிடந்தது. அதில் வெளிச்சம் வரும்வரை, அவளைவிட அதிகமாகச் சாமியைக் கும்பிட்டவர் முதலாளிதான்.