பூங்கொடியின் அகப்பை

போன தை வெள்ளியில், கோயில் பிரகாரத்தில் பூத்தொடுத்துக்கொண்டே ரெங்கநாயகி மதினி எனக்கு முதன்முதலில் சொன்ன கதை இது.

வக்கீல் கருணாகரன் மடத்துக்குள் நுழைந்தபோது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மடத்தை நடத்தும் செண்பக அம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அம்மைதான் அவருக்குக் குரு.

"முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு, வக்கீலய்யா?"

"இணையத்துல பேர்த் தகராறு வந்தா தீர்த்துவைக்கிற நடுவர் வேலையும் பாக்குறேன், அம்மா. சாயங்காலத்துக்குள்ள ஒரு தீர்ப்புச் சொல்லணும்."

"யாரோட பேரு?"

"பூங்கொடின்னு ஒரு அம்மா. தன் பேர்லயே இணையதளம் வச்சு, ரத்தம் வேணும்னு வர்றவங்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கிறாங்க. பூங்கொடி மசாலாக் கம்பெனி, அது எங்க பேரு, எங்ககிட்டக் கொடுங்குது. கம்பெனி முறையா பதிவு பண்ணின பேருதான். அந்தப் பேர்ல எவனாவது போலிச் சரக்கு வித்துடுவானோன்னு அவங்களுக்குப் பயம் வேற. அந்தப் பேர்ல இருக்கிறதோ ஒரே இணைய விலாசம். யாருக்கு அம்மா கொடுக்கிறது?"

அம்மை எழுந்து பந்தியின் முன்னால் வந்து நின்றார். வெள்ளிதோறும் அந்த மடத்தில் ஒரு வழக்கம். அம்மை ஏதாவது ஒரு பேரைச் சொல்லி அழைப்பார். அந்தப் பேருள்ளவர் யாராவது வந்து பந்திக்கு முதல் சோறு பரிமாற வேண்டும்.

"பூங்கொடி!"

சமையல்கட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்து அகப்பையை எடுத்தாள். நாலைந்து இலைக்குப் போட்டிருப்பாள். காரை விட்டு இறங்கிய பட்டுப்புடவைக்காரி ஒருத்தி விறுவிறுவென்று வந்து அகப்பைக் காம்பைப் பிடித்தாள்.

"நானும் பூங்கொடிதான். இந்த மண்டபமே எங்க வீட்டு உபயம். விடும்மா."

"இந்த வரிசையை முடிச்சிட்டுத் தர்றேங்க்கா."

"விடுன்னு சொல்றேன்ல!"

"சூடா இருக்கு, இழுக்காதீங்க!"

சோறு தரையில் சிந்தியது. கருணாகரன் அம்மையிடம் ஓடினார்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க! யார் கையில இருக்கணும்?"

"நடுவர் நீங்கதானே?"

"முதல்ல எடுத்தவங்களா, உபயக்காரங்களா... எனக்குத் தெரியலயே."

அம்மை பந்தியைக் காட்டினார். கடைசி இலை முன்னால் ஒரு கிழவர், கழுவிய கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இழுக்கிற ரெண்டு பேரையும் இவ்வளவு நேரம் பாத்தீங்க. இலை முன்னால உக்காந்திருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா, ஐயா?"

"ரத்தம் கேட்டு அந்த விலாசத்துக்கு வர்றவங்களை நான் நினைக்கவே இல்லையே, அம்மா" என்றபடி கருணாகரன் கிழவரின் இலைப் பக்கம் நடந்தார்.

கேட்டவர்களே, இன்றைக்கு விளக்கேற்றும்போது, எங்கோ ரத்தத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்காகவும் ஒரு திரி போடுங்கள்.