நீலச் சட்டைகள் ஜெயித்த நாள்

ஏரிக்கரை மருத மரத்தின் உச்சிக் கிளையில் இரண்டு நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஆண் நாரையின் பெயர் வளையன். பெண் நாரையின் பெயர் செவ்வந்தி. கூட்டில் இருந்த முட்டைகள் இன்றோ நாளையோ பொரிய வேண்டியவை.

பல நாள் அடைகாத்ததில் செவ்வந்தி இளைத்துப் போயிருந்தது. தூரத்து வயல்களில் நத்தை நிறையக் கிடைக்கிறதாம், வயிறாரத் தின்றுவிட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று ஒரு காலையில் அது கிளம்பியது.

"அந்த உடும்பு இந்தப் பக்கமே சுத்திக்கிட்டிருக்கு. கூட்டை விட்டு எழுந்திருச்சுடாதீங்க."

"என் முட்டையைப் பார்த்துக்க எனக்குத் தெரியாதா? நீ நிம்மதியா போயிட்டு வா" என்றது வளையன்.

ஏரியை ஒட்டி ஒரு தங்கும் விடுதி இருந்தது. மரத்தைப் பார்த்துத் திறந்திருந்த அதன் கூடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. கல்லூரி அணிகளின் கால்பந்துக் கோப்பைக்கு அன்றுதான் கடைசி நாள். காலையில் அரையிறுதி, மாலையில் இறுதி ஆட்டம். விடுதிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

வளையன் முதலில் கூட்டில் படுத்தபடியே ஓரக்கண்ணால்தான் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அது நீலச் சட்டை அணியின் கட்சியாகிவிட்டது. அது எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று அதற்குத் தெரியாது. ஏரியும் நீலம், சட்டையும் நீலம். அந்தக் காரணமே அதற்குப் போதுமானதாக இருந்தது.

முதல் ஆட்டத்தில் நீலம் ஜெயித்தது. வளையன் அலகைப் படபடவென்று தட்டிக் கொண்டாடியது. அடுத்த அரையிறுதியில் ஜெயித்த மஞ்சள் சட்டைக்காரர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று பக்கத்துக் கிளை நீர்க்காகம் வாய் தவறிச் சொல்லிவிட்டது. இரண்டும் ஒன்றாக மீன் பிடித்து வளர்ந்தவை. மத்தியானத்துக்குள் முகம் பார்த்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டன.

மாலையில் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இறுதி ஆட்டம் தொடங்கியது. கூட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கத்து கோல் கம்பத்தை இலைகள் மறைத்தன. பாதி ஆட்டம் வரைதானே என்று வளையன் எழுந்து கிளை நுனிக்குப் போனது. அங்கேயும் சரியாகத் தெரியவில்லை. கீழ்க் கிளைக்கு இறங்கியது. பாதி ஆட்டம் முடிந்ததுகூட அதற்கு ஞாபகமில்லை.

மஞ்சள் அணி ஒரு கோல் போட்டது. நீல அணியின் கோல்கீப்பர் பந்தை விட்டுவிட்டான். வளையனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கண்ணை எங்கடா வச்சிருக்கே? ஒரு எடத்தைக் காவல் காக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு ஆளா!"

அந்த நேரத்தில்தான் உடும்பு மரமேறி வந்தது. நாரையின் அலகுக்குப் பயந்து பயந்து ஏறிய அது, வளையனின் கண்ணெதிரே வந்து மாட்டிக்கொண்டது. ஒரே கொத்தில் தன் கதை முடிந்தது என்று நடுங்கியது.

"மறைக்குது. மேல போ, இல்லேன்னா கீழ போ" என்றது வளையன்.

உடும்பால் தன் காதையே நம்ப முடியவில்லை. "மேலயே போறேண்ணே" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனது.

அது திரும்பி இறங்கும்போது வயிறு கிளையில் உரசியது. யார் ஜெயிக்கிறார்கள் என்று மரியாதைக்கு விசாரித்தது. நீலமும் ஒரு கோல் போட்டுச் சமமாக்கிவிட்டது, தொந்தரவு பண்ணாதே என்று வளையன் விரட்டியது.

கடைசி நிமிஷத்தில் நீலம் இன்னொரு கோல் போட்டுக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. தானே ஓடி, தானே உதைத்ததுபோல வளையனுக்கு மூச்சு வாங்கியது. ஏரியைச் சுற்றிப் பறந்து தவளையிடமும் ஆமையிடமும் செய்தி சொன்னது. வீடு திரும்பிக்கொண்டிருந்த செவ்வந்தியை நடுவானிலேயே மறித்தது.

"செவ்வந்தி, நாம ஜெயிச்சுட்டோம்!"

செவ்வந்தி நேராகப் போய்க் கூட்டில் இறங்கியது. உடைந்த ஓடுகளும் ஈரமான சுள்ளிகளும்தான் அங்கே கிடந்தன. கணவனுக்கென்று தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்த நத்தைகளைக் கீழே உமிழ்ந்தது.

"யாருங்க ஜெயிச்சது?" என்று கேட்டது.

வளையன் அப்போதுதான் கூட்டைப் பார்த்தது. ஓட்டுத் துண்டு ஒன்றை அலகால் மெல்லப் புரட்டியது. உள்ளே ஒன்றுமில்லை. விடிந்ததும் செவ்வந்தி அக்கரைக்குப் பறந்து போய்விட்டது. திரும்பியும் பார்க்கவில்லை.

அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். நீர்க்காகமும் சண்டையை மறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. வளையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, தணிந்த குரலில் நீர்க்காகத்திடம் கேட்டது:

"அந்த ரெண்டாவது கோலைப் பார்த்தியா?"

முன்பின் தெரியாதவர்களின் வெற்றியைத் தன் வெற்றியென்று கொண்டாடித் திரிகிறவனுக்கு, தன் வீடு தோற்பதுகூடக் கண்ணில் படுவதில்லை.