மூன்று குடம்

படை நடத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் வீட்டைப் பிடிக்கப் போவதற்கு முன், அந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கிணறு எங்கே இருக்கிறது, நாய் கடிக்குமா என்றெல்லாம் விசாரித்துக்கொள்வார்கள். விசாரிக்கப் போகிறவன் தன்னை விருந்தாளி என்று சொல்லிக்கொள்வான்.

பெருவயல் நாட்டுச் சேனாதிபதி மிளகுமலையைப் பிடிக்க நினைத்தபோது சேந்தனை அப்படித்தான் அனுப்பிவைத்தார்.

சேந்தனுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. நிலத்தை அடியால் அளப்பதில் அவனுக்கு நிகராக அந்த நாட்டில் ஆள் இல்லை. மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் அவன் எடுத்து வைக்கும் அடி ஒரே நீளம்தான். ஆயிரம் அடிக்கு ஒருமுறை அரைஞாண் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவான். பேசிக்கொண்டே எண்ணுவான். சிரித்துக்கொண்டே எண்ணுவான்.

மிளகுமலையில் நல்லினி என்றொரு துறவி இருந்தார். அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. மடமோ கோயிலோ கிடையாது. வருடம் முழுக்கக் குடியிருப்பு குடியிருப்பாக நடந்துகொண்டே இருப்பார். கோடையில் மட்டும் கிழக்குச் சரிவில் ஒரு சுனைக்குப் பக்கத்தில் குடிசை போட்டுத் தங்குவார். அவரோடு நடந்தால் மலை முழுவதையும் பார்த்துவிடலாம். அதற்காகவே சேந்தன் தலையை மழித்துக்கொண்டு அவரிடம் சீடனாகச் சேர்ந்தான்.

மூன்று வருடம் நடந்தான். கணவாய், சரிவு, ஓடை, சுனை எல்லாவற்றையும் தன் மேல்துண்டின் உள்மடிப்பில் கடுக்காய் மையால் வரைந்து சேர்த்தான். அழகான வேலை. எதிரிக்காகச் செய்தது என்றாலும் அழகு அழகுதான்.

மூன்றாம் வருடம் பங்குனியில் அவனுக்குச் செய்தி வந்தது. ஒற்றர் தலைவன் கொற்றன் உப்பு வியாபாரிபோல் கழுதைகளோடு மறுநாள் உச்சிவேளைக்கு வருகிறான். துண்டை அவனிடம் கொடுத்துவிட்டு, அவனோடு சேந்தன் ஊர் திரும்பவேண்டும். சித்திரையில் படை கிளம்பும். மழைக்காலச் சேற்றில் அந்த மலையில் யானையும் குதிரையும் ஏறாது. ஆகவே வந்தால் கோடையில்தான் வரமுடியும்.

அன்று சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வருடம் அவனுக்குச் சோறு போட்ட மலை அது. பக்கத்துக் குடியிருப்பில் தேனெடுக்கும் வெள்ளச்சியின் குழந்தைக்குப் பெயர் வைத்ததே அவன்தான்.

நல்லினி குடிசை வாசலில் உட்கார்ந்து தினையைப் புடைத்துக்கொண்டிருந்தார். சேந்தன் எதிரே போய் நின்றான்.

"அம்மா, நான் உங்க சீடன் இல்ல."

"தெரியும்."

"நான் ஒற்றன்."

"அதுவும் தெரியும்."

"எப்ப தெரிஞ்சுது?"

"நீ வந்த அன்னிக்கே. நல்ல மழை. வழியில குட்டை தேங்கி நின்னுச்சு. எல்லாரும் அதைச் சுத்தி வந்தாங்க. நீ மட்டும் முழங்கால் நனைய நேரா நடந்து வந்தே. சுத்தினா கணக்கு தப்பிடும்னு உனக்குப் பயம்."

சேந்தனுக்கு முகம் சூடேறியது. தொழிலில் தேர்ந்தவன் தொழிலாலேயே மாட்டிக்கொள்வதைப் போல வெட்கம் வேறில்லை.

"அப்புறம் எதுக்கு என்னைச் சேத்துக்கிட்டீங்க?"

"பாக்க வந்தவனைப் பாக்காதேன்னு எப்படிச் சொல்றது?"

அவன் துண்டை விரித்து அவர் முன்னால் போட்டான். நல்லினி முறத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். தான் நடந்த வழிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார்.

"நல்லா வரைஞ்சிருக்கே."

"எரிச்சிடட்டுமா?"

"எரிச்சா?"

"என் தலை போகும். வேற ஒருத்தனை அனுப்புவாங்க."

"அவன் குட்டையைச் சுத்தி வரப் பழகிட்டு வருவான்."

சேந்தன் சற்று யோசித்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினான்.

"அப்படின்னா மாத்தி எழுதிடறேன். சுனை இல்லாத எடத்துல சுனை போடறேன். கணவாயை ஒரு காதம் தள்ளி வைக்கறேன். இந்த மலையில தை மாசத்தோட ஓடையெல்லாம் வத்திடுது. அடிவாரத்துலேர்ந்து உச்சிக்கு ஒன்பது நாள் நடை. பாதி வழியிலயே படை நாக்கு வறண்டு விழுந்துடும்."

நல்லினி எழுந்தார். உள்ளே போய் ஒரு மண்குடத்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார்.

"சுனையில மொண்டு வா."

சேந்தன் குடத்தை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றான்.

மிளகுமலையில் சுனைக்குள் யாரும் பாத்திரம் விடமாட்டார்கள். தாகம் என்று வந்தவர் மூன்று கை அள்ளிக் குடித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் நீர் கசியும் விளிம்பில் மூங்கில் குழாயைச் சாய்த்து வைத்துவிட்டுப் போகவேண்டும். அது நிறையும்போது நிறையும். கல்யாண வீடானாலும் இதுதான் முறை. மூன்று வருடமாக சேந்தனும் அப்படித்தான் குடித்தான். ஏதோ நேர்ச்சை என்று நினைத்துக்கொண்டான். துண்டில் அதை எழுதவில்லை. சேனாதிபதிக்கு மலைக்காரர்களின் நேர்ச்சை எதற்கு?

"நெசமாவா அம்மா?"

"மொண்டு வா."

சுனை பத்தடி தூரத்தில், பாறைக்கடியில் இருந்தது. இரண்டு கை அகலம். சேந்தன் குடத்தை அமுக்கினான். முதல் குடம் தெளிவாக வந்தது. நல்லினி அதை வாங்கித் தரையில் ஊற்றினார்.

"இன்னொண்ணு."

இரண்டாம் குடம் கலங்கி வந்தது. அதையும் ஊற்றினார்.

"இன்னொண்ணு."

மூன்றாவது குடத்தைச் சாய்த்து, சுரண்டி, எப்படியோ நிறைத்தான். பாதிக்கு மேல் சேறு. அடியில் ஏதோ சரிந்தது. ஊற்றுக்கண்ணைச் சுற்றியிருந்த பொடிமணல் உள்ளே இறங்கிக்கொண்டது. சேந்தன் குப்புறப் படுத்துப் பார்த்தான். தண்ணீர் ஊறவில்லை. கையை விட்டுத் துழாவினான். சேறு மட்டும் வந்தது.

அந்த நேரத்தில் வெள்ளச்சி வந்தாள். முதுகில் தேன்குடுக்கை, இடுப்பில் குழந்தை. வெயிலில் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. சுனையைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள்.

"யாரு இதுல குடம் விட்டது?"

சேந்தன் வாயைத் திறப்பதற்குள் நல்லினி சொன்னார்.

"நான்தான் விடச் சொன்னேன்."

வெள்ளச்சியின் கண் கலங்கியது. கோபமும்தான்.

"உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சாம்மா? இருபத்தேழு நாள் ஆகுமே கண்ணு தெறக்க. கோடையில போய்..."

"ஆகும்."

"நானாவது மேல்சுனைக்குப் போயிடுவேன். நீங்க எங்க போவீங்க?"

"நானும் மேல்சுனைக்கு வரேன். முன்னாடி போ."

வெள்ளச்சி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். இன்னும் இரண்டு நாழிகை ஏறவேண்டும். முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். ஒருதரமும் உட்காரவில்லை. சேந்தன் அவள் பாறை மறைவில் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"துணியில இந்தச் சுனைக்கு என்ன போட்டிருக்கே?" என்று நல்லினி கேட்டார்.

"ஒரு புள்ளி."

"இப்ப என்ன தெரிஞ்சுது?"

"மூணு குடம். அப்புறம் இருபத்தேழு நாள்."

"அதை எழுது."

சேந்தன் மையைக் குழைத்தான். மிளகுமலையில் மொத்தம் நாற்பத்தொரு சுனை. ஒவ்வொன்றையும் எந்தக் காலத்திலோ ஓர் அவசரக்காரன் கெடுத்திருக்கிறான். எத்தனை குடத்தில் கெட்டது, எத்தனை நாளில் தெளிந்தது என்பதை மலைக்காரர்கள் மறப்பதில்லை. நல்லினி சொல்லச் சொல்ல அவன் எழுதினான். இரண்டு குடம், நாற்பது நாள். ஐந்து குடம், பதினெட்டு நாள். ஒரே குடம், அடுத்த மழை வரைக்கும்.

நடுவில் நல்லினி ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"இது ஓடைக்கு இந்தப் பக்கம். நீ அந்தப் பக்கம் போட்டிருக்கே."

"இருந்துட்டுப் போகட்டுமேம்மா."

"திருத்து."

திருத்தினான். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, துண்டின் கீழ்விளிம்பில் எழுதினான். நூற்று முப்பத்துநான்கு குடம்.

"என் குடிசை எங்க?" என்று நல்லினி கேட்டார்.

"அது போடலை."

"போடு. பேரையும் எழுது. வர்றவங்களுக்கு யாரு எங்க இருக்காங்கன்னு தெரிய வேணாமா?"

எழுதினான். அவர் தினைப்பக்கம் திரும்பியதும், அந்தப் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு சொல் எழுதினான்.

மறுநாள் உச்சிவேளையில் கொற்றன் வந்தான். பத்துக் கழுதை, நான்கு ஆள். வந்தவுடன் சுனைக்குத்தான் போனான். போன வேகத்திலேயே திரும்பி வந்தான். நல்லினி அதிகாலையிலேயே மேல்சுனைக்குப் போய் நிரப்பி வந்த மூங்கில் குழாயை நீட்டினார். ஐந்து பேரும் ஆளுக்கு மூன்று வாய் குடித்தார்கள். குழாய் காலி. கழுதைகளுக்கு ஒன்றும் இல்லை.

கொற்றன் துண்டை வாங்கி விரித்தான். முதலில் அவன் முகம் மலர்ந்தது. இத்தனை துல்லியமான வரைபடத்தை அவன் பார்த்ததில்லை. பிறகு எண்களுக்கு வந்தான்.

"இது என்ன?"

"குடம்," என்றான் சேந்தன்.

"படை இருபதாயிரம்டா."

"தெரியும்."

"ஆனை, குதிரை வேற."

"தெரியும்."

கொற்றன் நல்லினியைப் பார்த்தான். உப்பு வியாபாரி வேஷம் அவன் முகத்திலிருந்து கழன்று விழுந்திருந்தது.

"இது உங்க வேலையா? ஒரு சுனையை நீங்களே அடைச்சுட்டு எங்களுக்குப் பூச்சாண்டி காட்டறீங்களா?"

"இன்னும் நாப்பது இருக்கு. எங்கெங்க இருக்குன்னு உன் கையில இருக்கு. எதுல வேணும்னாலும் குடத்தை விட்டுப் பாரு."

"எல்லாம் அடைஞ்சு போனா நீங்களும்தானே சாவீங்க?"

"மூணு கைத் தண்ணியில ஒரு நாளை ஓட்ட நாங்க பொறந்ததிலேர்ந்து பழகியிருக்கோம். உங்க ஆளுங்களுக்கு எத்தனை நாள் பழக்கம்?"

துண்டை மடிக்கப் போன கொற்றன் ஓரிடத்தில் நிறுத்தினான். குடிசைக்கு நேராக எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தான்.

"நல்லினி." அடுத்ததையும் படித்தான். "சேந்தன்."

நல்லினி தலையைத் திருப்பி சேந்தனைப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவன் செய்த எதுவும் அவருக்குப் புதிதாக இருந்ததில்லை. இது புதிதாக இருந்தது.

"என்னடா இது?" என்றான் கொற்றன்.

"நான் வரலை."

"சேனாதிபதி உன் தலையைக் கேப்பாரு."

"இங்கதான் இருக்கும். எடம் போட்டிருக்கேன், பாருங்க."

கழுதைகள் கனைத்தன. அவற்றுக்குத் தாகம். கொற்றனின் ஆட்களில் ஒருவன் கத்தியில் கை வைத்தான். கொற்றன் அவனைக் கண்ணால் அடக்கினான். அந்தச் சரிவிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கவே இரண்டு நாள் ஆகும். வழியில் இருந்த சுனைகள் எத்தனை குடம் தாங்கும் என்று இப்போது அவனுக்குத் தெரியும். இங்கே ரத்தம் விழுந்தால் அங்கெல்லாம் மலைக்காரர்கள் வழிமறித்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதும் தெரியும். துண்டை மடியில் செருகிக்கொண்டு இறங்கினான். ஒற்றர் தலைவனே அன்று அடிக்கணக்கை மறந்து குழிகளைச் சுற்றிப் போனதாக சேந்தன் பிற்பாடு சொல்லிச் சிரிப்பதுண்டு.

அவர்கள் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் சேந்தன் நின்ற இடத்திலேயே நின்றான்.

நல்லினி காலியான மூங்கில் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டார். மற்றொன்றை அவனிடம் நீட்டினார். இரண்டு பேரும் மேல்சுனைக்கு ஏறினார்கள். பாதி வழியில் சேந்தன் நின்றான்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அவங்க இதைப் பாத்துட்டு வராமலும் இருக்கலாம். இதைப் பாத்து யோசனை பண்ணி, எப்படியாவது வரவும் வரலாம். நான் சொன்ன மாதிரி பொய் எழுதியிருந்தா இந்தக் கோடையிலயே அந்தப் படை ஒழிஞ்சிருக்கும். ஏன் வேணாம்னீங்க?"

நல்லினி திரும்பிப் பார்க்கவில்லை. ஏறிக்கொண்டே சொன்னார்.

"வழி தெரியாம வந்து தோத்தவன், அடுத்த வருஷம் வழி கேட்டுட்டுத் திரும்பி வருவான். இங்க படைக்குத் தண்ணி இல்லைன்னு தெரிஞ்சவனுக்கு அடுத்த வருஷம் கேக்க ஒண்ணும் இருக்காது. வர்றதுன்னா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வரட்டும்."