செம்பி கையை விட்ட கதை

அந்தக் காலத்தில் செம்பும் மண்ணும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. கடலோரச் செம்மணல் தேரிக்காட்டில், பட்டுப்போன ஒரு பனையின் உச்சியில் செம்பி நின்றாள். உடம்பெல்லாம் செம்புக் கம்பி. ஆழ்கடலில் இருக்கும் படகுகளின் குரலை அவளால் வாங்க முடியும். அவளுடைய ஒரு நீண்ட கை, கீழே மண்ணாகப் படுத்திருந்த தங்கை நிலத்தாளைப் பிடித்திருந்தது. மறு கை குருசுமுத்து என்ற மீனவனின் காதோரம் தொங்கியது. அதில்தான் அவன் கடலுக்குப் போன அண்ணனின் பேச்சைக் கேட்பான்.

ஆடிக்காற்றில் செம்மணல் பறந்து வந்து செம்பியை உரசும். ஒவ்வொரு மணல் துகளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி மின்சாரத்தை அவள்மேல் விட்டுப் போகும். அது தங்காது, கைவழியே இறங்கித் தங்கையிடம் போய்விடும்.

செம்பிக்கு வயிறு எரிந்தது. வெயிலில் நிற்பது நான், மணலடி படுவது நான், படுத்துக் கிடப்பவளுக்கு வரும்படியா?

"எல்லாத்தையும் வாங்கி எங்கட்டி ஒளிச்சு வைக்க?"

"நான் எம்புட்டு அகலம்க்கா. உன் துளி எங்க போச்சுன்னே எனக்குத் தெரியல."

செம்பி நம்பவில்லை. வெடுக்கென்று கையை மேலே இழுத்துக்கொண்டாள்.

மின்சாரம் அவள்மேல் சேர்ந்தது. முதலில் பெருமையாக இருந்தது. பிறகு போக வழியில்லாமல் நெருக்கி, உடம்பு முழுக்க இரைந்தது.

மாலையில் கடல்மேல் மூட்டம் கவிந்தது. படகிலிருந்து அண்ணன் ஏதோ சொல்லிக் கூப்பிட்டான். கரகரப்புதான் வந்தது.

"சரியாக் கேக்கல செம்பி" என்று குருசுமுத்து காதை அவள் விரலுக்கு நெருக்கினான்.

படீரென்று பொறி பாய்ந்தது. அவன் மணலில் சாய்ந்தான். சேர்ந்த மின்சாரமெல்லாம் காலியாகிப்போன அந்த நொடியில் செம்பிக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. "தம்பி, திசை தெரியல. கரையில தீ போடு."

அதற்குள் மணல் மறுபடி உரச, இரைச்சல் ஏறியது. தங்கைமேல் இருந்த பொறாமை அப்போதும் தீரவில்லை. ஆனாலும் செம்பி கையைக் கீழே நீட்டினாள்.

"பிடிச்சுக்க."

நிலத்தாள் பிடித்துக்கொண்டாள். இரைச்சல் தணிந்தது. குருசுமுத்து தட்டுத்தடுமாறி எழுந்து மறுகாதை வைத்தான்; அண்ணன் சொன்னது கேட்டது. ஓலையைக் குவித்துக் கொளுத்தினான். அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் படகு கரை சேர்ந்தது. பொறி பட்ட காது மட்டும் அவனுக்குப் பிறகு கேட்கவே இல்லை.

அன்று முதல்தான், வானொலிக் கம்பம் எவ்வளவு உயரத்தில் நின்றாலும் அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்குகிறது. வறண்ட காற்று புழுதியோடு வீசும் நாளில் செம்பி இன்னும் முணுமுணுப்பதால், வானொலி கொஞ்சம் கரகரக்கவும் செய்கிறது.